வளைந்த மூக்கு

காலை எட்டு மணிக்குக் கோட்டையிலிருந்து ஆள் வந்து, சிற்றரசர் காலமாகிவிட்டதாகச் சொன்னான். நாணயச் சாலையில் அச்சு வெட்டும் வைட் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஹார்ட்ஸ் மலையிலிருந்த அந்தச் சின்னச் சீமையில், அடக்கத்தன்று இறந்தவரின் முகம் பதித்த வெள்ளி நாணயத்தை உறவினர்களுக்குக் கொடுப்பது வழக்கம். நான்கே நாள்தான் இருந்தது.

முப்பது வருடமாகச் சிற்றரசரின் வளைந்த மூக்கை, அவர் ஆணைப்படி நேராக்கியே வெட்டி வந்தவர் வைட். இந்த முறை உள்ளபடியே வெட்டினார்.

"வேலை போயிடும். பொழைக்கத் தெரியாத மனுஷன்யா நீ!" என்றாள் மனைவி ஓட்டிலி.

"போகட்டும்டி. கடைசியிலயாவது அவரு மூஞ்சி அவருக்கு வேணாமா?"

இருபத்தொரு நாணயம் அடித்ததும் அச்சில் விரிசல் விட்டது; அடித்தவரை கோட்டைக்கு அனுப்பினார். அடக்கத்தில் சிற்றரசி ஒன்றை வாங்கி, மூக்கை விரலால் தடவி, "இவருதான்" என்று அழுதார்.

மூக்குக்கே நாள் போய்விட்டதால், விளிம்பைச் சுற்றி வரவேண்டிய புள்ளி வரிசையில் கால்வாசியை வைட் வெட்டவேயில்லை; அதை யாரும் கவனிக்கவில்லை.