மாட்டுக்கால் சூப்பும் ஒரு மாவுக்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பசுந்தாங் சந்தையில் என் தம்பி சலீம் மாட்டுக்கால் கேட்டான். இரண்டு கால். பர்மியக் கறிக்கடைக்காரர் கோ ஹ்லாவுக்கே ஆச்சரியம். பத்து மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கியவன் நல்ல தொடைக்கறியாகக் கேட்க வேண்டாமா?

“பாயாவா?” என்றார்.

“இல்ல, சூப்பு. ட்ரினிடாட் சூப்பு.”

ட்ரினிடாட் எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. கால் துண்டு துண்டாகப் பைக்குள் விழுந்தது.

சலீம் கப்பலில் ஃபிட்டர். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறான். இந்தத் தடவை வந்ததிலிருந்து லேசாக விந்தி நடந்தான். “கப்பல் ஆடி ஆடி நடையே மாறிப்போச்சு” என்று மனைவி ரஹ்மத்திடம் சொல்லியிருந்தான். அவளும் நம்பிவிட்டாள். ஐந்து மாதக் கைக்குழந்தை வைத்திருப்பவளுக்குப் புருஷன் நடையை ஆராய நேரம் ஏது?

கரண்ட் இல்லை. எப்போது இருந்தது? அவன் வீட்டிலேயே கரி அடுப்பைப் பற்றவைத்தோம். எலுமிச்சை தேய்த்துக் கழுவிய கால், வெங்காயம், பூண்டு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு... மூன்று மணி நேரம் கொதித்தது. அப்புறம் கேரட், சேப்பங்கிழங்கு, வாழைக்காய். பிசைந்த கோதுமை மாவை விரல் விரலாக உருட்டிப் போட்டான். மேலே ஒரே ஒரு மிளகாய், காம்போடு முழுசாக. அது உடைந்தால் சூப்பை வாயில் வைக்க முடியாதாம். கடைசியாக, விளிம்பில் ரம்பப் பல் வைத்த நீள மல்லி இலை.

“நம்ம ஷான் மல்லியேதான் லாத்தா அங்கயும்! பேருதான் வேற” என்றான் அக்காவான என்னிடம்.

குடித்தால் உதடு ஒட்டியது. அவ்வளவு பசை. வயிறும் நிறைந்துவிட்டது.

“நல்லாத்தான் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டாள் ரஹ்மத்.

“மிஸ் ஜூன்.”

அவள் கரண்டி நின்றது. “யாரு அந்த மிஸ்ஸு?”

“அட, அறுபது வயசும்மா அவங்களுக்கு! கப்பல்காரங்க தங்குற விடுதியில சமைக்கிறவங்க. ஆறு வாரம் நான் மாவுக்கட்டோட கிடந்தப்ப, எலும்பு சேரட்டும்னு அவங்கதான் தினமும் இதை...”

அவ்வளவுதான். ஒரு சந்தேகத்திலிருந்து தப்பிக்க வாயைத் திறந்தவன், உண்மையைக் கொட்டிவிட்டான்.

“மாவுக்கட்டா?”

அவள் நிறைமாதமாக இருந்த சமயம் அது. ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, அவனை ட்ரினிடாடில் இறக்கிவிட்டிருந்தார்கள். அவளிடம் சொன்னதோ, கப்பல் ரிப்பேர், துறைமுகத்தில் நிற்கிறோம் என்று. கட்டுப் பிரித்ததும் வேறு கப்பலில் ஏறிவிட்டான்.

ரஹ்மத் நாத்தனாரான என் பக்கம் திரும்பினாள். “மைனி, உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

“தெரியும். நீ பதறுவே, பிள்ளைக்கு ஆகாதுன்னுதான்...”

“அந்த மாசம் பூரா, போனை எடுக்கறதில்ல, எங்க ஞாபகமே இல்லன்னு இவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேனே மைனி... படுத்துக் கிடந்த மனுஷனை! நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சூப் ஆறியது.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. மாடிப்படியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாம் நாள் சாயங்காலம், “அந்தம்மாவைக் கூப்பிடுங்க” என்றாளாம் சலீமிடம். எனக்கும் ஆள் வந்தது — மேலே வரச்சொல்லி.

வீடியோவில் மிஸ் ஜூன் வந்தார். அவருக்கு அது காலை நேரம். தலையில் துணி கட்டியிருந்தார்.

“எங்க உடைஞ்சதுன்னு கேளுங்க” என்றாள் ரஹ்மத். சலீம் ஆங்கிலத்தில் கேட்டான். அவர் போனைச் சாய்த்து, தன் காலிலேயே தொட்டுக் காட்டினார். அப்புறம் ரஹ்மத்தை நேராகப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “ஹீ க்ரை. எவ்ரி நைட். ஃபார் யூ.”

சலீம் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் படவில்லை.

ரஹ்மத் குழந்தையைத் தூக்கி போனுக்கு நேராகக் காட்டி, “தேங்க் யூ” என்றாள்.

மற்றவர்கள் பதறக் கூடாது என்றுதான் மறைக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். நிஜமாகவா? அந்தப் பதற்றத்தைக் காதால் கேட்கும் தெம்பு நமக்கு இல்லை. அதுதான் விஷயம். அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுகையைக் கேட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

“மன்னிச்சுக்க ரஹ்மத்” என்றேன்.

“சரி விடுங்க மைனி” என்றபடி மிஸ் ஜூனின் எண்ணைத் தன் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘ட்ரினிடாட் மைனி’ என்று போட்டிருந்தாள்.

“இனிமே இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னா, நான் அந்த மைனிகிட்டயே கேட்டுக்கிறேன்.”