உமி அடைத்த கூரை

நான் பி.யு.சி. தேறி வேலை கிடைக்காமல் அலைந்த வருஷம், பங்குனி மாதம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். கூலி நெல் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய தகராறில் மிராசுதாரின் ஆட்கள் எங்கள் தெருவைக் கொளுத்திவிட்டார்கள். நம்ம ஆட்சி வந்தாயிற்று, இனி பயமில்லை என்று தெருவே நம்பியிருந்த சமயம் அது. வீடு கட்டித் தரும்வரை இருங்கள் என்று, ரோட்டோரம் காலியாகக் கிடந்த உரக் கிடங்கில் அதிகாரிகள் எங்களைக் குடிவைத்தார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம்.

அங்கேதான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி கனம்தான் இருந்தது. உச்சிப்பொழுதில் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். "வெக்கை ஆகாதும்மா, குளுமையான எடமாப் பாத்து வெச்சுக்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஊரில் குளுமை என்றால் மிராசுதார் தோப்பும் குளக்கரையும்தான். தகராறுக்குப் பிறகு அந்த நிழலில் ஒதுங்கவும் எங்களை விடவில்லை.

அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது என்று கல்லூரியில் படித்திருந்தேன். உமிக்குள் அந்தக் காற்று நிறைய இருக்கிறது. கூரைக்கடியில் உமி அடைப்போம் என்றேன்.

"ஏன் மாப்ள, காலேஜ்ல ஒன் தலையில அடைச்சது உமிதானா?" என்று சிரித்தார் அக்கா புருஷன். ஆனால் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்கு முதலில் கிளம்பியதும் அவர்தான்.

தகரத்துக்கு ஒரு முழம் கீழே மூங்கில் கட்டி, கீற்றும் சாக்கும் பரப்பினோம். அந்த இடுக்கில் ஆள் நுழைய முடியாது. பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் நெல் தூற்றுவதற்குக் கையால் சுற்றிக் காற்றடிக்கும் மிஷின் இருந்தது. தகராறில் அறுப்பு நின்றுபோனதால் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சாக்குகளை நீளக் குழாயாகத் தைத்து அதன் வாயில் பொருத்தினோம். ஒருவர் சுற்ற, ஒருவர் உமியையும் காய்ந்த வேப்பிலையையும் கொட்ட, அது குழாய் வழியே பறந்து போய் இடுக்கை நிரப்பியது. பாதி எங்கள் தலையில்தான் விழுந்தது. "எல்லாரும் ஒரே நாள்ல கெழவனாயிட்டீங்க" என்றாள் அக்கா. குழந்தை பிறந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தீக்குப் பயந்து அடுப்புகளை வெளியே மாற்றினோம்.

மறுநாள் உச்சியில் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. அது எழுந்துவிடக் கூடாதென்று கிடங்கு முழுக்க எல்லோரும் கிசுகிசுத்தே பேசினார்கள்.

அந்த வாரத்திலேயே வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பு தொடங்கியது. காவலுக்குப் போலீஸ் லாரி வந்தது. தங்க இடம் தேடிய அதிகாரி உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வெளிய இந்தக் காய்ச்சல் காயுது. இங்க எப்படிய்யா இப்படி இருக்கு?"

"நம்ம மச்சினன் வேலைங்க. பி.யு.சி. படிச்சவன்" என்றார் அக்கா புருஷன். அவ்வளவு பெருமை.

"பரவால்லையே. சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. அறுப்பு முடியிற வரைக்கும் நம்ம பசங்க தங்கணும்."

குழந்தையைக் காட்டினோம். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா பேசுறியே, மேல படி" என்று என் முதுகில் தட்டினார்.

வாய்க்கால் கரையில், கருவேல மரத்தடியில் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு தங்கினோம். அனல்காற்றைச் சேலையா தடுக்கும்? குழந்தை மறுபடி துவண்டது. இந்த முறை எழவில்லை.

அடக்கம் செய்துவிட்டு வருகையில் ஒரு போலீஸ்காரர் எதிரே வந்தார். என் வயதுதான் இருக்கும். "தம்பி, ஐயா வெளிய போயிருக்காரு. உள்ள குளுகுளுன்னு இருக்கு, குழந்தையக் கொண்டாந்து செத்த நேரம் படுக்க வையுங்க" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. அக்கா புருஷன், "சரிங்க" என்றார்.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. படித்தால் எல்லாம் மாறும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிக்கொள்கிறேன். ஆனால் ஒரு குளுமையை உண்டாக்க மட்டும்தான் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது, அதில் எங்கள் குழந்தையைப் படுக்கவைக்க என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.