நாலாம் அறையின் மீட்டர்

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. நம்பாமல் போனால் எனக்குத்தான் நல்லது. இது நடந்தது என்று ஒப்புக்கொண்டால், இதில் நான் செய்ததும் நடந்ததாகிவிடும். ஆனால் நடந்தது. 1989 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, மாலை 7 மணி 4 நிமிடம். ஓசூரில் பாகலூர் சாலைக்குப் பின்னால், ஐந்து அறைகள் கொண்ட ஒரு லைன் வீட்டில்.

நான் மூன்றாம் அறையில் குடியிருந்தேன். நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரர் திம்மராயனுக்கு ஒரு சந்தேகம்: யாரோ ஒருவர் திருட்டுத்தனமாகக் கரண்ட் அடுப்பு எரிக்கிறார். ஆகவே ஐந்து அறைகளுக்கும் தனித்தனி சப் மீட்டர் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மாட்டினார். தினமும் மாலை ஏழு மணிக்கு ஐந்தையும் பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

"நீங்க படிச்சவரு சார். மத்தவங்க எழுதினா சண்டை வரும். நீங்க எழுதினா ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்" என்றார்.

மறுநாள் நாலாம் அறைக்காரர் சகாயநாதன் என்னிடம் வந்தார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். மனைவி திண்டுக்கல்லில்; இங்கே அவர் தனியாள்.

"சார், எனக்குச் சர்க்கரை இருக்கு. சில நேரம் கண்ணு இருட்டிக்கிட்டு வரும். நான் ரூமுக்கு வந்தா லைட்டு எரியும், ஃபேன் ஓடும். ஒரு நாள் என் மீட்டர் ஓடலைன்னா கதவ ஒரு தட்டு தட்டிப் பாருங்க. டாக்டரு நாடி பாக்கறாரு, நீங்க மீட்டர் பாருங்க. ஃபீஸ் மட்டும் கேக்காதீங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். தட்டுவதாக வாக்குக் கொடுத்தேன்.

ஆறு நாட்கள் ஒழுங்காகப் பார்த்தேன். ஏழாம் நாள் மழை. ஸ்டூல் போட்டு ஏறி, சிலந்தி வலையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். மேசையில் ஓர் அத்தியாயம் பாதியில் நின்றிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டேன். முந்தைய நாள் எண்ணோடு ஒன்று கூட்டினேன். மறுநாளும் அப்படியே. எல்லாம் ஒரே சீராக இருந்தால் சந்தேகம் வருமே என்று சில நாள் இரண்டாகக் கூட்டினேன். அந்தப் பொய்யைவிட, அதற்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தைதான் இன்றும் என்னைக் கூசச் செய்கிறது.

16ஆம் தேதி இரவு எட்டரைக்குப் பெரிய இடி விழுந்தது. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன.

17ஆம் தேதி மாலை, நாலாம் அறைப் பக்கச் சுவரில் ஒரு சத்தம். டக்... டக்... நீண்ட இடைவெளி. மறுபடியும், டக்... கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மழை இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. நோட்டை எடுத்து, நாலாம் அறைக்கு ஒரு யூனிட் எழுதினேன்.

18ஆம் தேதி சத்தம் மெலிந்திருந்தது.

19ஆம் தேதி மாலை 6.40. ஐந்தாம் அறை நஞ்சம்மா என் வாசலில் வந்து நின்றார்.

"சார், நாலாம் நம்பர்காரரு மூணு நாளா தண்ணி புடிக்க வரல. வெளியில பூட்டும் இல்ல. எழுப்பினா தூக்கத்தக் கெடுத்துட்டேன்னு கத்துவாரு. உள்ளதான் இருக்காரா?"

நான் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தை நானே வாசித்தேன்.

"இருக்கார்மா. தினமும் மீட்டர் ஓடியிருக்கு. நைட் ஷிப்டா இருக்கும், பகல்ல தூங்குவார்."

"மீட்டர் ஓடுதா? அப்ப சரி. நீங்க சொன்னா சரிதான்."

அவர் போய்விட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

ஏழு மணிக்கு ஸ்டூலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து... எதுவும் என் நோட்டோடு பொருந்தவில்லை. நாலாம் மீட்டர் 1213. நோட்டில் 1221.

கண்ணாடிக்குள் சக்கரம் அசையவில்லை.

அப்போதே இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். ஆனால் என் மனம் முதலில் ஓடியது நோட்டுக்கு. திம்மராயன் பார்த்துவிட்டால்? 1221ஐ அடித்துத் திருத்தப் பேனாவைத் திறந்தேன். மணி 7.04.

ர்ர்ர்...

சக்கரம் சுழன்றது.

அதன் விளிம்பிலிருந்த சிவப்புக் குறி ஒருமுறை வந்தது. இருமுறை வந்தது. பிறகு குறி தெரியவில்லை. ஒரே சிவப்பு வளையம்.

1214... 1216... 1219...

1221.

நின்றது.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல. நிம்மதி.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நாலாம் அறை ஜன்னலில் வெளிச்சம் இல்லை. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை.

உள்ளே... டக்.

ஒரே முறை.

ஓடினேன். என் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டவில்லை.

ஞாயிறு காலையும் அவர் தண்ணீர் பிடிக்க வரவில்லை; தட்டியும் திறக்காததால் 6.15க்கு நஞ்சம்மாவின் கணவர் கங்கப்பன் கடப்பாரையால் கதவை நெம்பினார். சகாயநாதன் என் அறைச் சுவரை ஒட்டி இறந்து கிடந்தார். இருட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. கையில் ஒரு சில்வர் டம்ளர். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

திங்கட்கிழமை வயர்மேன் முனிவேல் வந்து மீட்டர் பலகையைக் கழற்றினார். நாலாம் மீட்டருக்கு வரும் ஒயர் கருகி, ஒரு விரல் அளவுக்கு அறுந்திருந்தது.

"பதினாறாம் தேதி இடியிலயே போயிருக்கு சார். இதுல கரண்டே வரல. அதுக்கப்புறம் இந்த மீட்டர் ஓடியிருக்கவே முடியாது."

நான் கண்டதை நஞ்சம்மாவிடம் மட்டும் சொன்னேன். நோட்டில் செய்ததைச் சொல்லவில்லை.

"அவரு ஆவிதான் சார். செத்த பிறகு உங்களக் கூப்பிட்டிருக்கு" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு ஆறு வாரங்கள் கழித்தேன். நான் மீட்டருக்குப் போனபோதே அவர் இறந்துவிட்டார். தட்டியிருந்தாலும் பயன் இருந்திராது. அந்த டக்கும் ஆவியின் சத்தம்தான்.

அக்டோபர் முதல் வாரம் அவருடைய மனைவி அருள்மேரி சாமான்களை எடுத்துப்போக வந்தார். கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பிரேதப் பரிசோதனை அறிக்கை.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார். நீங்க படிச்சவருன்னாங்க. அவரு கஷ்டப்பட்டாரா, உடனே போயிட்டாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வாசித்தேன். மரணம், ஆகஸ்ட் 19, இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில்.

ஏழு மணிக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

அப்படியென்றால், அந்தச் சக்கரத்தைச் சுழற்றியது அவருடைய ஆவி அல்ல.

"சார்... என்ன போட்டிருக்கு?"

தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"உடனே போயிட்டாரும்மா" என்றேன்.