மாரிசெல்வியின் குரல்

மாரிசெல்விக்கு வருஷத் திதிகூட இன்னும் வரவில்லை. அதற்குள் ஒருநாள் மத்தியானம் அவள் வேல்விழியின் காதுக்குள் வந்து பேசினாள்.

வேல்விழி அப்போது காலண்டர் கம்பெனியில் இருந்தாள். சிவகாசியில் ஆடி பிறந்துவிட்டால் அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலை சூடு பிடித்துவிடும். அச்சாகி வரும் தேதித்தாள் கட்டுகளை வரிசை பார்த்து அடுக்கி, அட்டையில் வைத்துப் பின் அடிப்பது அவள் வேலை. அது கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. அதனால் பாட்டுக் கேட்பதை யாரும் தடுப்பதில்லை. வலது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வாள். இடது காது வெடிவிபத்தோடு போய்விட்டது. அதற்குள் ஓர் இரைச்சல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும், எங்கோ மில்லில் சங்கு ஊதியவன் நிறுத்த மறந்துவிட்டதுபோல.

அன்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது 'இடையிசை' என்ற பாட்காஸ்ட். இசையமைப்பாளர் சபரிநாதனின் பாட்டுகளைப் பற்றி மட்டுமே பேசுகிற நிகழ்ச்சி. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வாத்திய இசையைத் தனியாக எடுத்து, இங்கே ஏன் வயலின், அங்கே ஏன் மௌனம் என்று பிரீத்தி என்ற பெண் சென்னையிலிருந்து வாராவாரம் பேசுவாள். அன்றைக்கு ஆண்டுவிழா. நேயர்கள் இதுவரை அனுப்பிய குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வணக்கம்க, நான் செல்வி பேசுறேன். சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம். அந்த மழைப் பாட்டுல ரெண்டாவது இடையிசை இருக்குல்ல, அதுல எல்லா வாத்தியத்தையும் நிப்பாட்டிட்டு ஒத்தப் புல்லாங்குழல மட்டும் விடுவாரு பாருங்க. அங்கன எனக்கு மூச்சே நின்னுரும். சும்மா சொல்லல, நெசமாத்தான்!"

அதன் பிறகு சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக வருகிற அந்தச் சிரிப்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனா திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கியா?"

வேல்விழி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. தேதித்தாள் கட்டைத் தலைகீழாகப் பின் அடித்திருந்தாள்.

அவளும் மாரிசெல்வியும் ஆனைக்குட்டத்தில் ஒரே தெரு. இருவரின் அப்பாக்களும் அடுத்தவர் வயல்காட்டில் கூலிக்குப் போனவர்கள். ஊருக்குப் பக்கத்து அணையில் தண்ணீர் வற்றியபோது காட்டு வேலையும் வற்றியது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இருவரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். கல்யாணமான பிறகு வெடி ஆபீஸ். அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். வேல்விழி திருத்தங்கலில் வாழ்க்கைப்பட்டாள். மாரிசெல்வி உள்ளூரிலேயே காளீஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் காலையில் ஆபீஸ் வேனில் ஒரே இருக்கை. ஒரு இயர்போனை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஜன்னலோரம் மாரி, இடது காதில். வேல்விழிக்கு வலது.

சபரிநாதன் கிறுக்கு முதலில் மாரிக்குத்தான் பிடித்தது. பாட்காஸ்ட்டைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அதன் ரசிகர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, வேல்விழியையும் இழுத்துப் போட்டாள். வேல்விழி ஒரு வார்த்தை பேசமாட்டாள், வாசிப்பதோடு சரி. மாரிக்கு எழுத்துக் கூட்டி அடிக்கப் பொறுமை கிடையாது. எல்லாம் வாயால்தான். ஷெனாயை நாதஸ்வரம் என்பாள். கோயம்புத்தூரிலிருந்து விக்னேஷ்குமார் என்பவர் திருத்துவார். "எதுவா இருந்தா என்ன, அழுகை வருதா இல்லையா?" என்று சண்டைக்குப் போவாள். குழுவே சிரித்துக் கிடக்கும்.

விபத்தன்று வேல்விழி களத்தில் காயப்போட்ட திரியை அள்ளிக்கொண்டிருந்தாள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோலக் குப்புற விழுந்தாள். எழுந்து பார்த்தபோது மாரி இருந்த அறை இல்லை. சுவர்கூட இல்லை. வெடி ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் போன் பெட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. செய்தி பரவி, வீடுகளிலிருந்து கூப்பிடக் கூப்பிட, பெட்டிக்குள் ஒவ்வொரு போனாக அடித்துக்கொண்டே இருந்தது. எந்தப் போன் யாருடையது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். அவர் பெட்டியைத் திறக்காமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வேல்விழிக்கு ஒரு காதுதான் கேட்டது. அதில் கேட்டது அதுதான்.

செல்வி என்ற பெயரில் பேசியவள் இறந்துவிட்டாள் என்று குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. வேல்விழிக்கு அதை எழுதக் கை வரவில்லை. எழுதினால் அங்கேயும் அவள் செத்துவிடுவாள்.

ஆண்டுவிழா நிகழ்ச்சி வந்த அன்று குழு அமளிதுமளிப்பட்டது. குழுவை நடத்துகிற நல்லசிவம் விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம செல்வி குரலைக் கேட்டீங்களா? எங்கம்மா போன? ஆளையே காணோமே!" என்று எழுதினார். "மூச்சே நின்னுரும்னு சொன்னாங்களே, என்ன ஒரு ரசனை!" என்று வேறொருவர். விக்னேஷ்குமார், "அக்கா, அந்தப் பாட்டுல முதல் இடையிசைதான் உசத்தி. மறுத்துப் பேச வாங்க பாப்போம்" என்று வம்புக்கு இழுத்தார்.

வேல்விழி வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடி இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் செல்வி என்ற பெயர் மேலே ஏறி வந்தது. அதன் கீழே ஒரு குரல் பதிவு.

பஸ் வந்து நின்று போய்விட்டது. ஆனது ஆகட்டும் என்று அமுக்கினாள்.

"ஏய், அதெல்லாம் கெடையாது. ரெண்டாவதுதான். நூறு தடவ சொல்லிட்டேன், உனக்குக் காது என்ன அவிஞ்சா போச்சு?"

மாரியேதான். பின்னால் குக்கர் விசில். குழுவில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். "வந்துட்டாங்கய்யா செல்வி அக்கா!" என்றார் விக்னேஷ்குமார்.

வேல்விழி வீட்டுக்கு வந்ததும் கணவன் முனியராஜிடம் சொன்னாள். லாரியில் லோடு ஏற்றிவிட்டு வந்து அசந்து கிடந்தவன், எழுந்து உட்கார்ந்து அந்தப் போனைத் தொடாமலே பார்த்தான். "அந்தக் குரூப்ப விட்டு வெளிய வந்துரு. தீயில போன உசுரு, ஆசை அடங்காமத்தான் திரியும்னு சொல்லுவாக" என்றான். அவள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து போன் துடிக்கும்போதெல்லாம் அவளும் துடித்தாள். பயமாகவும் இருந்தது, இன்னொரு தடவை வராதா என்றும் இருந்தது.

வந்தது. ரசிகர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் கூடுவது, பிரீத்தியையும் சென்னையிலிருந்து வரவழைப்பது என்று முடிவாகியிருந்தது. "செல்வி, பக்கத்து ஊர்தானே, வந்துருவேல்ல?" என்று நல்லசிவம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் விழுந்தது.

"வாரேன், வாரேன். நான் இல்லாம ஆரம்பிச்சிராதீக!"

இந்தத் தடவை வேல்விழிக்கு விளங்கிவிட்டது. அது வேல்விழியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது மாரி அவளுக்கு அனுப்பிய குரல். குழுவில் முதலில் விழுந்த குரலும் எப்போதோ அவளுக்கு மாரி அனுப்பியதுதான். மாரியின் போன் யாரிடம் இருக்கிறதோ, அவர் எடுத்து அனுப்புகிறார்.

மறுநாள் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆனைக்குட்டத்துக்குப் போனாள். காளீஸ்வரன் வாசலில் உட்கார்ந்து, சின்ன மகளின் பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி அப்படியே நின்றது.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக? எனக்குக் குலையே நடுங்கிப் போச்சு."

"அவுக கேட்டாக, வேலு."

"கேட்டா, அவ இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?"

அவன் பையைக் கீழே வைத்தான். "ஊருல அம்புட்டுப் பேரும் அவள செத்தவளாத்தான் பேசுறாக. வாரவுக எல்லாம் எப்படிச் செத்தா, ஒடம்புல எம்புட்டு மிச்சம் கெடச்சுதுன்னு கேக்காக. அவளப் பெத்த எங்க அத்தைகூட அவ பேரையே எடுக்கிறதில்ல. குரூப்புல இருக்கவுக மட்டுந்தான் வேலு, அவளை எங்க போனேன்னு கேட்டாக. இருக்கிறவகிட்ட கேக்கிற மாதிரி. அதுக்குப் பதில் சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல."

வேல்விழி அவனைத் திட்டத்தான் வந்தாள். ஆனால் அவளும்தானே சொல்லாமல் இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு நாற்காலி போட்டு வச்சிருப்பாக" என்றாள் கடைசியில்.

"தெரியும். அதான் எனக்கும் ஒறக்கம் இல்ல. நீ கூட வாரியா?"

விருதுநகரில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம். கீழே மண்டிகளில் வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்ததால் மேலே வந்தவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டே கைகுலுக்கினார்கள். காளீஸ்வரனை யாருக்கும் தெரியாது. வேல்விழியையும் தெரியாது. நல்லசிவம் வெள்ளை வேட்டியும் வியர்வையுமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரீத்தி, தொடங்கிவிடலாமா என்று கேட்டபோது அவர், "செல்வி வரட்டும்மா. தான் இல்லாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு" என்றார். அவர் பக்கத்தில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது.

காளீஸ்வரன் எழுந்தான். பேச வாயெடுத்தான். வேல்விழியைப் பார்த்தான். பொது இடத்தில் வாயே திறக்காதவள் எழுந்து நின்றாள்.

"செல்வி வர மாட்டா. போன வருஷம் வெடி ஆபீஸ் விபத்துல அவ போயிட்டா. நானும் அங்கனதான் வேலை பாத்தேன். இவுக அவ வீட்டுக்காரரு."

தும்மல்கூட நின்றுவிட்டது. முதலில் பேசியது விக்னேஷ்குமார். "அப்போ எங்ககிட்ட பேசுனது யாரு? நான் அவங்களோட எப்படியெல்லாம் சண்டை போட்டேன்... எங்களை என்ன நெனச்சீங்க?" அவர் குரல் உயர்ந்து உடைந்தது. கோபம்தான், ஆனால் கண் வேறு சொன்னது.

"அது அவ குரல்தாங்க, நான் எடுத்து அனுப்புனேன்" என்றான் காளீஸ்வரன். "ஏமாத்தணும்னு இல்ல. நீங்க கூப்பிட்டீக. அவளுக்குப் பதிலா நான் பேசுனா அவ போயிட்டான்னு ஆயிரும். மன்னிச்சுக்கோங்க."

பிரீத்தி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, "தெரியாமப் போட்டுட்டேன். அந்தக் குரலை எடுத்துடறேன்" என்றாள்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றான் அவன்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லசிவம்தான் போய் மழைப் பாட்டைப் போட்டார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். பாட்டு மாடியெல்லாம் நிறைந்தது. இரண்டாவது இடையிசையில் வயலின்கள் நின்றன. வேல்விழி இத்தனை நாளும் தன் வலது இயர்போனில் அந்த இடத்தில் ஏதோ தேய்ந்த சத்தம் ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். மாரி எதற்காக உருகுகிறாள் என்று புரியாமலே தலையாட்டியிருந்தாள். இப்போது இடது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் முழுசாக எழுந்து வந்தது. அது மாரியின் காதுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த பங்கு. வேல்விழி தன் பக்கத்தில் யாரோ ஜன்னலோரமாக நகர்ந்து உட்காருவதைப்போல உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டாள்.

காளீஸ்வரனால் உட்கார முடியவில்லை. பாட்டு முடியுமுன் இறங்கிக் கீழே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வேல்விழி போய்ப் பார்த்தபோது, வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவனும் விக்னேஷ்குமாரும் நின்றிருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. வத்தல் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். நல்லசிவம் எல்லாரையும் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். சாப்பிட்டார்கள். காளீஸ்வரனும் சாப்பிட்டான்.

திரும்பும்போது சிவகாசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆமத்தூர் தாண்டும் வரை காளீஸ்வரன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, "வேலு, ஒண்ணு கேக்கவா?" என்றான்.

"கேளுங்கண்ணே."

"அன்னைக்குக் காலையில வேன்ல என்ன பேசினா?"

இத்தனை மாதத்தில் அவன் இதைக் கேட்டதில்லை. எதையாவது நல்லதாகச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உங்களைப் பற்றித்தான் பேசினாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள் என்று சொன்னால் அவன் நம்புவான். அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒண்ணும் பேசலண்ணே. வேன்ல ஏறினதும் தூங்கிட்டா. பாட்டுக்கூடக் கேக்கல. ஆபீஸ் கேட்டுப் பக்கம் வந்ததும் எழுப்புனேன். ஏன்டி மொதல்லயே எழுப்பலன்னு என்னைய வஞ்சா. அம்புட்டுத்தான்."

"தூங்குனாளா?" அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நல்லாவா?"

"என் தோளுல எச்சி வடியத் தூங்குனா."

அவன் முகம் இளகியது. சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு அப்படியே அழுகையானது. முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். "முந்துன நாளு சின்னவளுக்குக் காய்ச்சலு. விடிய விடிய மடியில வச்சிருந்தா. ஒறக்கம் இல்லாமப் போனதாலதான் கை தடுமாறி இப்படி ஆயிருச்சோன்னு எங்க அத்தை அந்தப் புள்ளைய ஏறெடுத்துப் பாக்கிறதில்ல. எனக்கும் உள்ளுக்குள்ள அதே நெனப்புத்தான்."

"மாரி கை தடுமாறலண்ணே. பக்கத்து ரூம்லதான் மொதல்ல புடிச்சுச்சு. எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கு யாரும் சொல்லலயே. நானும் யார்ட்டயும் கேக்கலயே."

கண்டக்டர் ஆனைக்குட்டம் விலக்கு என்று குரல் கொடுத்தார். காளீஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். படிக்கட்டுப் பக்கம் போனவன் நின்றான். "இதை எங்க அத்தைகிட்டயும் ஒருக்கா வந்து சொல்லுதியா? நான் சொன்னா நம்பாது."

வேல்விழியின் சீட்டு திருத்தங்கலுக்கு. வீட்டில் முனியராஜ் காத்திருப்பான். அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினாள்.