டவராவில் மிஞ்சிய நட்டு

என் மனைவி வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். நான் பிறர் எழுதிய புத்தகங்களில் பிழை திருத்துகிறேன். இந்த இரண்டில் எது உலகத்துக்கு அவசியம் என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். சமைத்ததை ஏற்றிப்போக ஒரு சின்னப் பிக்கப் வண்டி இருக்கிறது. ஓட்டுவது அவள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் வண்டிகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

வண்டியின் ஹேண்ட் பிரேக் ரொம்ப நாளாகவே மோசம். லிவரை விலா வரைக்கும் இழுத்தாலும், மேட்டில் நிறுத்தினால் சற்று யோசித்துவிட்டுப் பின்னால் நகரும். திருவனந்தபுரத்தில் மேடில்லாத இடத்தில் யாரும் விசேஷம் வைப்பதில்லை. அதனால் அவள் ஒரு மரக்கட்டை வைத்திருந்தாள். வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. அப்புறம்தான் பின்பக்கம் போய்ப் பாத்திரம் இறக்குவது. கியரில் விட்டு நிறுத்தமாட்டாள். ஒருமுறை அப்படி நிறுத்தியதை மறந்து சாவியைத் திருப்பியபோது வண்டி துள்ளி, அரை அண்டா சாம்பார் சாலையோடு போனது. அன்றிலிருந்து எங்கே நின்றாலும் நியூட்ரல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு நான் முடிவு கட்டினேன். பதினோரு நிமிட வீடியோ ஒன்று பார்த்தேன். லிவருக்கு அடியிலிருக்கும் ரப்பர் உறையைத் தூக்கினால், கேபிள் முனையில் இரண்டு நட்டுகள். மேலிருந்ததைக் கழற்றி, தொலைத்துவிடக் கூடாதென்று சமையலறையிலிருந்து ஒரு டவராவை எடுத்துவந்து அதில் போட்டேன். அடியிலிருந்த நட்டை முறுக்கினேன். லிவர் நாலே கிளிக்கில் நின்றது. என் வாழ்க்கையில் நான் முறுக்கி எதுவும் அப்படி நின்றதில்லை.

“நீங்களா பண்ணினேள்?” என்றாள்.

“நானேதான்.”

“மெக்கானிக்கிட்ட ஒருதரம் காமிச்சுடலாமே.”

“ஒரு நட்டைத் திருகறதுக்கு மெக்கானிக் எதுக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள், லிவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் அத்தோடு விட்டிருக்கலாம். மரக்கட்டையை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஆடிக்கொண்டிருந்த என் புத்தக அலமாரியின் காலுக்கு அடியில் செருகினேன். கையிலிருந்த டவராவை அலமாரி மேல் வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் குடப்பனக்குன்னில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு அறுபது பேர் சாப்பாட்டோடு கிளம்பிப் போனாள். நான் காப்பி போட்டுக்கொண்டேன். ஆற்றுவதற்காக அலமாரி மேலிருந்த டவராவை எடுத்தேன். உள்ளே ‘டிங்’ என்றது.

ஒரு நட்டு.

அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். பிறகு எங்கள் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் பட்டறை வைத்திருப்பவர்.

“ஒரு சிநேகிதரோட வண்டி. ஹேண்ட் பிரேக் கேபிள்ல ரெண்டு நட்டு இருக்குமில்லையா, அதுல ஒண்ணு மிஞ்சிப்போச்சுன்னா என்ன ஆகும்?”

“அது லாக் நட்டுல்லா சாரே. மத்ததக் கழண்டு வராமப் பிடிச்சு நிப்பாட்டுகதே அதுதான். அது இல்லேன்னா, லிவர இழுக்க இழுக்கக் கொஞ்சங் கொஞ்சமாக் கழண்டுட்டே வரும். பெறகு பிரேக்கு இல்ல. சிநேகிதரு வண்டிய எடுத்தாச்சோ?”

“எடுத்தாச்சு.”

“மேட்டுக்கா?”

நான் போனை வைத்துவிட்டேன்.

அவளுக்கு அடித்தேன். ஓட்டும்போது எடுக்கமாட்டாள், அப்படி எடுக்கக் கூடாதென்று போன வருஷம் ஒரு மணிநேரம் பேசி அவளைச் சம்மதிக்கவைத்தவனும் நான்தான். சட்டையை மாட்டி, நட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஆட்டோக்காரர் குடப்பனக்குன்னு என்றதும் முகம் சுளித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு, “ஆஸ்பத்திரி கேஸா சாரே?” என்றார். “இதுவரைக்கும் இல்லை” என்றேன்.

தம்பானூர் சிக்னலில் நின்றோம். பாளையத்தில் நின்றோம். வெள்ளையம்பலத்தில் ஏதோ ஊர்வலம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் அங்கே லிவரை ஒருமுறை இழுத்திருப்பாள் என்று எண்ணினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த ஒற்றை நட்டு அரைச்சுற்று பின்னால் வந்திருக்கும். விசேஷ வீட்டுக்கு முன்னால் வண்டியின் மூக்கை மேலே பார்க்க நிறுத்துவாள். இறங்கிப் பின்னால் போவாள். பின்கதவைத் திறந்துவிட்டு, அதற்கு நேர் கீழே நின்று, இரண்டு கையாலும் சாம்பார் அண்டாவைத் தன் பக்கம் இழுப்பாள். அவள் கைகளில் அண்டா. அண்டாவுக்குப் பின்னால் ஒன்றரை டன் இரும்பு. இதற்கு மேல் நினைக்க வேண்டாமென்று ஆட்டோவுக்கு வெளியே பார்த்தேன். வெளியே எல்லாமே சரிவாக இருந்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இத்தனை சரிவு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பேரூர்க்கடை தாண்டி ஏறியதும், அவள் ஆர்டர் நோட்டில் எழுதியிருந்த விலாசத்துச் சந்து. அடியிலிருந்தே வண்டி தெரிந்தது. மூக்கு மேலே. பின்கதவு திறந்திருந்தது. அவள் நான் நினைத்த அதே இடத்தில் நின்று, அண்டாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி மெல்லக் குலுங்கியது.

கூப்பிட வாயெடுத்தேன். திடுக்கிட்டு அண்டாவை வெடுக்கென்று இழுத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு ஏறி ஓடினேன். அவளைத் தாண்டி, ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே விழுந்து, நடு பெடலைக் கண்டுபிடித்து மிதித்தேன். அது பிரேக்தானா என்று ஒரு கணம் சந்தேகம். படித்ததை வைத்துத்தான் மிதித்தேன். அப்புறம் ஹேண்ட் பிரேக் லிவரைத் தொட்டுப் பார்த்தேன். பாயசத்தில் கரண்டி மாதிரி எந்தப் பிடிப்புமில்லாமல் மேலே வந்தது. வண்டி எதில் நின்றுகொண்டிருந்தது? பின்சக்கரம் சாக்கடை ஓடை மூடியின் விளிம்பில், இரண்டு விரல் உயரத்தில், முட்டி நின்றிருந்தது. பிறகுதான் பார்த்தோம்.

“ஏன்னா! எங்கேர்ந்து வந்தேள்? வந்ததும் வராததுமா அங்கே என்ன உக்காந்துண்டு? இறங்கி வந்து ஒரு கை பிடியுங்கோ.”

“முடியாது.”

“என்ன முடியாது?”

“காலை எடுக்க முடியாது. நீ முதல்ல அங்கேர்ந்து நகரு.”

“சாதம் ஆறிண்டிருக்கு, இவருக்கு விளையாட்டு.”

பெண் வீட்டார் வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். பட்டு வேஷ்டிகள். மரியாதையான ஒரு பொய்யைத் தேடினேன். பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது பொய் வராது போலிருக்கிறது.

“நேத்திக்கு ஒரு நட்டைப் போட மறந்துட்டேன். ஹேண்ட் பிரேக்கே இல்லை. நகரேன், தயவுசெஞ்சு.”

அண்டா இழுபடும் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் அண்டாவை விட்டுவிட்டு, பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, சுவரில் கை வைத்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

பட்டு வேஷ்டிக்காரர்கள் எங்கிருந்தோ இரண்டு வெட்டுக்கல் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்கள். “இனி இறங்கலாம் சாரே” என்றார்கள். நான் இறங்கவில்லை. அவள் போன் செய்து வரவழைத்த மெக்கானிக் ஸ்கூட்டரில் வரும்வரை அரைமணி நேரம், பின்பக்கம் யாரையும் போகவிடாமல், மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். “சிநேகிதரு வண்டியா சாரே?”

சட்டைப் பையிலிருந்து நட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் மண்டியிட்டு, முதல் நட்டைத் திருகி, லாக் நட்டை அதன் மேல் ஏற்றி, இரண்டு ஸ்பேனர் போட்டு எதிரெதிராக இறுக்கினார். “இன்னைக்குத் தாங்கும். பின்சக்கரத்துல பிரேக்கு ஷூ தேஞ்சு கெடக்கும், அதனாலதான் பிடிக்கல்ல. கேபிளை முறுக்கி அதுக்குப் பிரயோஜனம் இல்ல. நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டு வாங்க, மாத்தணும். மாமி, கல்ல எடுத்துப் பாப்பமா?”

“பாப்போம்” என்றாள் அவள், வண்டிக்குப் பின்னால் பழைய இடத்துக்கு நகர்ந்தபடி.

அப்போதுதான் நான் இறங்கினேன். கால் மரத்திருந்தது. “நீ வண்டியில உக்காரு. பின்னால நான் நிக்கறேன்” என்றேன்.

அவள் மறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். மெக்கானிக் கற்களை நகர்த்தினார். லிவர் ஏறும் சத்தம் கேட்டது, ஆறு கிளிக். “காலை எடுத்துட்டேன்” என்றாள். நான் நம்பர் பிளேட்டையே பார்த்தபடி அண்டாவின் காதைப் பிடித்தேன். வண்டி நகரவில்லை. நான் இழுத்தேன், அப்போதும் நகரவில்லை. அண்டாவையும் சாதத்தையும் பாயசத்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காலை மட்டும் சுவர்ப் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசி வாளி கைமாறும்போது முன்னாலிருந்து அவள் குரல் வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“ஏன்னா, உடம்பு இங்கே நிக்கறது, ஒரு கால் மட்டும் எங்கே ஓடப் பாக்கறது?”