காத்துப் போன பொறவும் நடந்த சக்கரம்

காரை வித்தாச்சுன்னு எவ சொன்னா உங்கிட்ட? மேலத்தெருக்காரியா? அவளுக்கு வேற சோலி இல்ல. வண்டி எங்கயும் போவலட்டி. இப்பம் வெளிய போயிருக்கு, அம்புட்டுதான். கார் நிக்க எடத்துல நான் மோர்மொளகா காயப்போட்டிருக்கேன், நீயே பாக்கியே. இந்தச் சாரல்ல வெளிய எங்கன போட? காருக்குன்னு மவன் போட்ட தகரம், ஒதவுறது என் மொளகாய்க்கு. சாவி எம்மருமவ கையிலதான் இருக்கு. ஆனா போன மாசம் அது அவ கையை விட்டுப் போவப் பாத்துச்சு. யாரால? என்னாலதான்! சிரிக்காத. உக்காரு, சொல்லுதேன். அந்தச் சுளகைத் தள்ளி வச்சிக்கோ.

எம்சின்னவன் பட்டாளத்துல இருக்கான்லா, அவன் லீவுல வந்தப்பம் வாங்குனது இந்த வண்டி. அவனுக்கு மேல உள்ள ஆபீசர் ஒருத்தர் வச்சிருந்து மாத்தலாயிப் போகும்போது குடுத்தாராம். வெளிநாட்டு வண்டி. உள்ள ஏறிக் கதவைச் சாத்திட்டா ஊரே ஊமையாயிரும். மாடு கத்துனாலும் வாய்தான் அசையும், சத்தம் வராது. மொத நாளு எனக்கு அது பிடிக்கவே இல்ல. கிணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருந்துச்சு.

மூத்தவனுக்கு வண்டி மேல ஒரு கண்ணு. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய வண்டி? நான் வச்சிக்கிடுதேன்"னு தம்பிகாரன் காதுல ஓதிக்கிட்டே இருந்தான். சின்னவன் ரயிலேறுத அன்னைக்குப் பொண்டாட்டியப் பாத்துச் சொல்லிட்டுப் போனான்: "ஒரு சின்னப் பழுதுன்னாலும் சாவியை அண்ணன்கிட்ட குடுத்துரணும், கேட்டியா?" இவளும் தலையாட்டிட்டா. வேற என்ன செய்வா? ராயகிரியில அவ அப்பா ஒருபக்கம் இழுத்துப் படுத்துட்டாகல்லா. பேச்சு கெடையாது. இவ போயி முன்னால நின்னா மட்டும் கண்ணு ரெண்டும் இவ பின்னாலயே வரும். பஸ்ஸுல போனா அங்க இங்க மாறிப் போய்ச் சேரயில பொழுதே போயிரும். கார்ல போனா காலையில போயிக் குளுப்பாட்டி, கஞ்சி ஊட்டி விட்டுட்டு, மத்தியானம் உலை வைக்கயில இங்க வந்துருதா. அந்தச் சாவி போச்சுன்னா அந்த மனுசன் கஞ்சிக்கு யாரு வழி? அதான் சங்கதி.

வண்டி வாங்குன பொறவு பண்பொழி திருமலைக்குப் போகவே இல்ல. முருகன் என்ன நெனைப்பான்? ஒரு அமாவாசை அன்னைக்கு நானும் அவளும் மட்டும் கெளம்புனோம். அன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போனப்பம் நான் வண்டிகிட்ட ஒரு காரியம் பண்ணேன். அதைப் பொறவு சொல்லுதேன். இப்பமே சொன்னா ருசி போயிரும்.

குத்தாலத்துல சீசன் கூட்டம் பிதுங்குது. அருவிக்கரையில கால் வைக்க எடமில்ல. நாங்க எறங்கல. கண்ணாடி வழியாவே ஒரு கும்புடு போட்டுட்டு வல்லம் பக்கமாத் திரும்புனோம். அங்கனதான் அந்த விளக்கு எரிஞ்சுச்சு. ஓட்டுத சக்கரத்துக்குப் பின்னால கண்ணாடிக்குள்ள, மஞ்சளா, சின்னதா. எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும்லா? வாய் தொறந்த பானை மாதிரி ஒரு கோடு. அதுக்கு உள்ள ஒரு குச்சி, குச்சிக்குக் கீழ ஒரு புள்ளி. பாத்த ஒடனே எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? பாடைக்கு முன்னால தூக்கிட்டுப் போவாகளே கொள்ளிப்பானை, அது.

"அத்தை, டயர்ல காத்து இல்லேன்னு காட்டுது"ன்னா. எறங்கிப் பாத்தோம். நாலு சக்கரமும் கல்தூண் மாதிரி நிக்கி. வல்லத்துல ஒரு பஞ்சர் கடைக்காரன் வெத்தலையை மென்னுக்கிட்டே வந்து, நாலையும் காலால ஒரு எத்து எத்துனான். "நல்லா கல்லு கணக்கா நிக்கி ஆச்சி. வெளிநாட்டு வண்டிலா, லைட்டு சும்மா பயங்காட்டும். போயிட்டு வாங்க." காசு கூட வாங்கல. சரின்னு போனோம். விளக்கு அணையல.

செங்கோட்டையைத் தாண்டுன பொறவு மலையில இருந்து மேகம் எறங்கி ரோட்டுல உக்காந்துக்கிட்டு. மணி பதினொண்ணு கூட இருக்காது, ஆனா விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. முன்னால போன லாரியைக் காணல, பின்னால வந்த பைக்கைக் காணல. ரெண்டு பக்கமும் வயலும் தென்னையும் இருக்குத ரோடு அது. ஒண்ணையும் காணல. வெள்ளை வேட்டியைப் பிழிஞ்சு மூஞ்சியில போட்ட மாதிரி இருக்கு. அந்த வெள்ளைக்குள்ள அந்த மஞ்சப் பானை மட்டும் எரியுது.

அப்பம்தான் ஒரு சத்தம் வந்துச்சு. மாடு கத்துனாக் கேக்காத வண்டின்னு சொன்னேன்லா? அந்த வண்டிக்குள்ள கேக்குது. தொப்... தொப்... தொப்... ஈரக்காலோட ஒரு ஆளு பின்னாலயே நடந்து வந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. வண்டி மெதுவாப் போனா அதுவும் மெதுவா வருது. கொஞ்சம் வெரசாப் போனா அதுவும் ஓடி வருது.

"ஏட்டி, பின்னால யாரும் வாராகளா?"

"யாரும் இல்ல அத்தை."

"கண்ணாடியில பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன் அத்தை, யாரும் இல்ல. நீங்க கொஞ்சம் பேசாம வாங்களேன்." அவ கொரலு அவ கொரலா இல்ல.

நிப்பாட்டுனா. சத்தமும் நின்னு போச்சு. எறங்கிப் பின் கதவைத் தொறந்து, இன்னொரு டயர் எங்கயும் வச்சிருப்பாகல்லான்னு தேடுதா. ஸ்டெப்னி. அது இல்லாத வண்டி உண்டா, நீ சொல்லு? விரிப்பைத் தூக்குனா, பலகையைத் தூக்குனா, அங்கன டயர் இருக்குததுக்கு எடமே கெடையாது. திருட்டுப் போயிருந்தா குழியாவது இருக்கும்லா? வழுவழுன்னு மூடி வச்சிருக்கு.

அந்த நேரம் பாத்து போன் அடிக்கி. சின்னவன். இவ போனை எடுக்கல. எடுத்தா கொரலை வச்சே கண்டுபிடிச்சிருவான். அது அடிச்சு அடிச்சு ஓயுத வரைக்கும் ரெண்டு பேரும் அந்த மேகத்துக்குள்ள நின்னு அதையே பாத்துக்கிட்டிருந்தோம். "திரும்பிருவோம் அத்தை, செங்கோட்டையில பெரிய டயர் கடை இருக்கு. அவுகளுக்குத் தெரியுததுக்குள்ள சரி பண்ணிரணும்"னா. முருகா, இன்னொரு நாளு வாரேன்னுட்டு திரும்புனோம். மறுபடியும் தொப்... தொப்...

அப்பம் எனக்கு எம்மாமியா ஞாபகம் வந்துட்டு. உனக்குத் தெரியாது, நீ இந்தத் தெருவுக்கு வாரதுக்கு முன்னால நடந்தது. புளியறையில ஒரு கல்யாண வீடு. எம்மாமியாளை ஒரு சேர்ல உக்கார வச்சோம். பட்டுச்சேலை, நெத்தி நெறைய துண்ணூறு, வாய்க்குள்ள வெத்தலை. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து கால்ல விழுந்தாக. போட்டோக்காரன் நாலு படம் எடுத்தான். நான் ஒரு காப்பியக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, "குடிங்க, ஆறிரும்"னு சொல்லிட்டுப் போனேன். பந்தி முடிஞ்சு திரும்பி வந்து பாக்கேன், காப்பியில ஆடை படிஞ்சு கெடக்கு. "ஏன் குடிக்கல?"ன்னு தோளைத் தொட்டேன். சில்லுன்னு இருக்கு. எப்பம் போனாகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பொண்ணு மாப்பிள்ளை கால்ல விழுந்தப்பம் இருந்தாகளா, இல்லையா? இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போட்டோவில நல்லாத்தான் இருக்காக.

அதே மாதிரிதாம்ட்டி அந்தச் சக்கரமும். நிமுந்து நிக்கி, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. பஞ்சர் கடைக்காரன் காலால எத்திப் பாத்தானே, நாங்க எம்மாமியாளுக்குக் காப்பி வச்ச மாதிரி. இதை நான் அவகிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வாயை மூடுங்க"ன்னு அழுதுட்டா.

செங்கோட்டை கடையில இருந்தவரு மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன். பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டாரு. "அம்மச்சி, இது ரன் ப்ளாட் டயராக்கும். பக்கத்துல கெட்டி ரப்பர். காத்து முழுக்கப் போனாலும் ஒக்காராது, மெதுவா ஓட்டுனா எண்பது கிலோமீட்டர் போவும். அதான் ஸ்டெப்னி வைக்கல. பின்னால எடது டயர்ல ஒரு துளி காத்து இல்ல, கேட்டோ!"

காத்தே இல்லாம நாங்க அம்புட்டுத் தூரம் வந்திருக்கோம், பாரேன்! அது எண்பது முடிஞ்ச பொறவு என்ன செய்யும்னு கேட்டேன். "அப்ப ஒக்காந்திரும்"னு சிரிச்சாரு.

டயரைக் கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்து, குறடை வச்சு ஒண்ணை இழுத்தாரு. வந்துச்சு. ஆணி. இம்புட்டு நீளம். அதோட கொண்டைக்குக் கீழ மஞ்சள் நூல் சுத்தியிருக்கு. நூல்ல குங்குமம் அப்பியிருக்கு. ஒரு எலுமிச்சங்கொட்டை வேற ஒட்டிக்கிட்டிருக்கு.

மனுசன் குறடோட கீழ போட்டுட்டாரு. "என்டம்மச்சீ! இது கூடோத்ரமாக்கும். யாரோ செய்வினை செஞ்சு வச்சிருக்காங்க. இதை என் கடையில வச்சிக்கிட மாட்டேன், எடுத்துட்டுப் போங்க." வேலைக்கு நின்ன ரெண்டு பேரும் தள்ளிப் போயிட்டாங்க. மருமவ அந்த ஆணியையே பாத்துக்கிட்டு நிக்கா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. மெதுவா கைப்பையைத் தொறந்து சாவிக்கொத்தை எடுத்து எங்கையில வச்சா.

"அத்தை, இதைப் பெரிய அத்தான்கிட்டயே குடுத்துருவோம். யாரோ நான் ஓட்டக் கூடாதுன்னு செஞ்சு வச்சிருக்காக. யாருன்னும் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். எனக்கு ஒண்ணு ஆனா ஆயிட்டுப் போவுது. எங்கப்பாவுக்கு ஆயிட்டா?"

மூத்தவன் பொண்டாட்டியத்தான் நெனைக்கா. அவ பாவம், ஒரு கோழியக் கூட வையத் தெரியாதவ.

இப்பம் கேட்டுக்கோ. அந்த ஆணியை வச்சது ஆரு? நான்! வேற ஆரு? காலையில அவ குளிக்கப் போனாள்லா? அமாவாசை, மொதமொத மலை ஏறுத வண்டி, ஊர்க்கண்ணு முழுக்க அது மேல. உன் கண்ணைச் சொல்லல, நீ நெனைக்காத. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கது எல்லாரும் வைக்கதுதான். வெறும் பழம் காணாதுன்னு எனக்குத் தோணுச்சு. இரும்புக்குத்தான் எதுவும் அண்டாதுல்லா? பரணுல கெடந்த ஆணியைக் கழுவி, மஞ்சள் நூல் சுத்தி, குங்குமம் வச்சு, பழத்துக்கு ஊடால குத்தி, பின் சக்கரத்துக்கு அடியில செருகி வச்சேன். பழம் நசுங்குன சத்தம் எனக்கு மட்டும் கேட்டுச்சு. போற தோஷம் எல்லாம் போச்சுன்னு மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டேன். ஆணி டயர்ல ஏறும்னு ஒரு துளி தோணியிருக்கணுமே! தோணல.

சொல்லாம இருந்திருக்கலாம். பேசாம இருந்தா என் மானம் எங்கிட்ட இருக்கும். ஆனா சாவி என் உள்ளங்கையில சில்லுன்னு கெடக்கு, எம்மாமியா தோளு மாதிரி. ராயகிரியில அந்த மனுசன் கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு கெடக்குமேன்னு நெனைச்சேன். சாவியை அவ பைக்குள்ள திரும்பப் போட்டேன்.

"ஏட்டி, அது நான் வச்ச ஆணி"ன்னேன்.

அவளுக்கு வெளங்கல. "என்னத்த?"ன்னா.

"பழத்துல குத்தி நாந்தான் வச்சேன். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வச்சேன்."

அவ என்னைப் பாத்தா. ஆணியைப் பாத்தா. கடைக்காரரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "அம்மச்சிதானா கூடோத்ரம்?"னு அவரு கேட்டதுதான் தாமசம், அவளுக்கு எங்க இருந்து சிரிப்பு வந்துச்சோ, அந்தக் கடை வாசல்லயே குத்தவச்சு உக்காந்து சிரிக்கா. கண்ணுல தண்ணி ஊத்துது. நானும் சிரிச்சேன். அந்த மனுசன், "ரொம்ப ஓட்டாம மெதுவா வந்ததால டயர் பொழச்சிது"ன்னு ஒட்டிக் குடுத்தாரு. ஆணியை மட்டும் தொடல. நான் எடுத்து முந்தியில முடிஞ்சிக்கிட்டேன்.

திரும்பவும் சின்னவன் போன் வந்துச்சு. நானே வாங்கிப் பேசுனேன். "டயர்ல ஆணி ஏத்துனது உன் அம்மைதாம்லே. அவ ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. காத்தே இல்லாத வண்டியை, கண்ணு தெரியாத மேகத்துக்குள்ள ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து சேத்திருக்கா, உங்கண்ணன் ஓட்டுவானா? சாவியைப் பிடுங்கணும்னா எங்கிட்ட பிடுங்கு. எங்கிட்ட இருக்கது அரிசி அறைச் சாவிதான்." பொறவு அவனும் சிரிச்சிட்டான். "அது காத்து இல்லாம ஓடும்னு அவகிட்ட சொல்ல மறந்துட்டேன்மா. சாவி அவகிட்டயே இருக்கட்டும். ஆனா நீ அந்த வண்டிப் பக்கமே போவக் கூடாது"ன்னான்.

போவலியே. மொளகாதான காயப்போட்டிருக்கேன்!

ஆனா ஒண்ணு. அன்னையில இருந்து ஆராவது அசையாம உக்காந்திருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிருது. தொட்டுப் பாத்துருதேன். செத்த முன்ன உன் தோளைத் தொட்டேன்லா, அதுக்குத்தான். நீ ரொம்ப நேரமா வாயே தொறக்கல பாத்துக்கோ. வண்டி உள்ள வந்ததும் மொத வேலையா எட்டி அந்தப் பானை எரியுதான்னு பாப்பேன். கருப்பாக் கெடந்தாத்தான் நெஞ்சு ஆறும்.

இன்னைக்கும் ராயகிரிக்குத்தான் போயிருக்கா. நேத்து அவ அப்பா கை வெரலு ரெண்டு லேசா அசைஞ்சுதாம், போன்ல சொன்னாக. அதைப் பாக்கத்தான் விடியும் முன்ன...

அந்தா, ஹாரன்! வந்துட்டா. எந்திட்டி, எந்தி, சுளகைப் பிடி. சக்கரம் ஏறுததுக்குள்ள என் மொளகாயை அள்ளணும்.