ரின்னைத் தட்டிக் கேட்ட கலாவதி மாமி

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: எங்கள் வீட்டுக் குசினித் தட்டின் மேல்மூலையில் நீண்டகாலம் அமைதியாக வாழ்ந்துவந்த, தகரத்தில் அடைத்த ஒரு ரின் மீன், தன் அடியில் அடித்திருந்த திகதிப்படி மூன்று மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகிவிட்டது. அன்னார் பருப்புப் பைக்கற்றின் அன்புத் தோழரும் ஊறுகாய்ப் போத்தலின் நெருங்கிய அயலவரும் ஆவார்.

இறுதிக்கிரியைக்கு அம்மா குப்பை வாளியோடு ஆயத்தமாக நின்றார். "பொறுங்க அம்மா, மாமியிட்டக் காட்டிட்டு வாறன்" என்று ரின்னைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மாமி வீட்டு ஒழுங்கை வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பூசையாக்கும் என்று நினைத்தேன். மாமியின் கணவர் சிவம் மாமா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பை புடைத்திருந்ததைப் பார்த்தார்.

"ரின்னா மனே?"

"ஓம் மாமா. மாமி எங்க?"

"அவ காலைல நெஞ்சு நோகுதெண்டு சொன்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டா."

அன்று முழுவதும் கதிரை அடுக்கினேன். ரின் என் பையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று கேட்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே படுத்திருந்தார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதும்படி மாமா என்னிடம் சொன்னபோது, "வாய்க்கு வந்தபடி எழுதாத, நடந்தபடி எழுது" என்றார். முயற்சி செய்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலாவதி மாமி மட்டக்களப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையின் களஞ்சியத்தில் வேலை செய்தவர். எனக்குச் சொந்தமில்லை. ஆனால் சுனாமியில் கடற்கரையில் இருந்த எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே அலையில் போனதால், அதற்குப் பிறகு சொந்தம்போலத்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. வந்தாறுமூலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக அழுத நான் பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்க நேர்ந்ததை என்னவென்று சொல்வது.

உலகம் முழுவதும் எங்களுக்குச் சாமான் அனுப்பிய காலம் அது. கம்பளித் தொப்பி வந்தது. குதி உயர்ந்த சப்பாத்து வந்தது. எந்த நாட்டு எழுத்தென்று தெரியாத ரின்களும் பெட்டி பெட்டியாக வந்தன. சனம் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திகதி தேடியது. ஒரு நாள் பிந்தியிருந்தாலும் கை படாது. அதே சனம் காலையில் யாரோ புண்ணியவான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பாசலைப் பின்னேரம் பிரித்துச் சாப்பிட்டது. சோற்றைத் தள்ளினால் பாவமல்லவா.

வீடு போன ஆள் அழுதுகொண்டிருப்பார் என்று பார்த்தால், மாமி மூன்றாம் நாளே ஆறாம் வகுப்பறையைக் களஞ்சியமாக்கிவிட்டார்.

"மாமி, இந்தப் பருப்பு போன மாசத்தோட முடிஞ்சிது" என்று ஒருவர் கொண்டுவந்தார்.

"முடிஞ்சது கொம்பனிர உத்தரவாதம். பருப்புக்கு அதொண்டும் தெரியா. வண்டு கிடந்தா அரிச்செடுங்க, கழுவி அவிங்க. ஒண்டும் செய்யா."

"அப்ப இந்தப் பாசல்? இதில திகதியே இல்லையே."

"அதுக்குத்தான் நான் பயம். விடிய ஆறு மணிச் சோறு, இப்ப நாலு மணி. வெயிலுக்குள்ள இரிந்திரிக்கு. குழிக்குள்ள போடுங்க."

பாசல்களைப் புதைத்ததற்காக மாமியை ஏசாத ஆளில்லை. ஒரு பெரியவர் "சோத்தப் புதைக்கிற கை விளங்காது" என்றே சொன்னார். மாமி மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "பாவம் என்ர கணக்கில போகட்டும். வயித்தால போனா உங்கட பிள்ளைக்கு எத்தின மைல் ஆசுபத்திரி?" பெரியவர் தன் பாசலைத் தானே குழிக்குள் போட்டார்.

ரின்னுக்கு மாமியிடம் தனிச் சடங்கு இருந்தது. முதலில் மூடியையும் அடியையும் பெருவிரலால் அமத்துவார். பிறகு மடக்கிய விரல் முட்டியால் தட்டி, காதைச் சரித்துக் கேட்பார். வீங்கியிருந்தால், கசிந்திருந்தால், விளிம்பு நெளிந்திருந்தால் திகதி முடிய எவ்வளவு காலம் இருந்தாலும் அவுட். சப்பையாக, துரு இல்லாமல் இருந்தால் திகதி சில மாதம் பிந்தியிருந்தாலும் உள்ளே. "வெளிய அடிச்ச திகதி பூட்டின ரின்னுக்குத்தான். திறந்தாப் பிறகு அந்தத் திகதி செத்துப்போச்சு, அண்டைக்கே சாப்பிட்டு முடிங்க" என்பார். மணந்து பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "எல்லா நஞ்சும் மணக்காது மனே" என்றார். பூனைக்கு வைத்துப் பார்ப்போமா என்றதற்கு, "பூனையிட்டக் கேக்கிறதெண்டா நான் என்னத்துக்கு?" என்றார். கலாவதி என்ற பெயருக்குக் கால் போட்டுக் காலாவதி ஆக்கியவன் நான்தான். மாமி அதற்குக் கோபிக்கவில்லை.

இனி என் வீரம். ஒருநாள் சொக்கிலேற் பூசிய பிஸ்கட் பெட்டிகள் வந்தன. ஆளுக்கு இரண்டு என்று மாமி பங்கு வைத்தார். எங்களுக்கு இரண்டு என்பது பல்லுக்குள் போய்விடும். அந்தக் கிழமை வந்த உடுப்பு மூட்டைக்குள் ஒரு கைப்பை, அதற்குள் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர்ப் போத்தல். தண்ணீரைத் தொட்டு ஒரு பெட்டியின் முடிவுத் திகதியில் 2006 என்பதன் ஆறைத் துடைத்தேன், பேனையால் நான்கு எழுதினேன். ஒரே துடைப்பில் பெட்டிக்கு இரண்டு வயது கூடியது. மாமி எடுத்தார், பார்த்தார், கழிவுக் குவியலில் வைத்தார். நாங்கள் நாலு பேர் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மூன்று நாள் தின்றோம். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டம்: காலாவதியை ஏமாற்றியவன். நாலரை வருடம் அந்தப் பட்டத்தில் சவாரி செய்தேன்.

இந்த வருடம் சண்டை முடிந்தது. வவுனியாவில் முட்கம்பி முகாம்களுக்குள் இருக்கிற சனத்துக்கு உலர் உணவு சேர்த்தோம். மாமி கடை விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பொதியாகப் பார்த்தார். தட்டுத் துப்புரவாக்கும் ஆசையில் தானம் செய்தவர்களும் இருந்தார்கள். ஒரு அக்கா குழந்தைப் பால்மா கொண்டுவந்தார். திகதி இரண்டு கிழமை பிந்தியிருந்தது.

"உங்கட சட்டப்படி ரெண்டு கிழமை பரவாயில்லத்தானே மாமி?"

"பருப்பெண்டாப் பரவாயில்ல புள்ள. பால்குடிப் பிள்ளைர மாவுக்கு ஒருநாளும் பிந்தக்கூடா. இத வெட்டிக் கொட்டுங்க."

"மற்றச் சாமான்?"

"நல்லதா இரிந்தாலும் திகதி பிந்தினத அனுப்பமாட்டன். என்ர வீட்டில திண்பன். நாங்களும் வரிசைல நிண்டு வாங்கின சனம்தானே. ரின்னத் திருப்பிப் பாக்கக்குள்ள நெஞ்சு எப்பிடி இரிக்குமெண்டு எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்து என் கூட்டாளி ரமணன் வாயைத் திறந்தான். "மாமி, முகாமில பிஸ்கட் பெட்டிர திகதிய மாத்தி உங்கள ஏமாத்தினது இவன்தான்."

விறாந்தை முழுவதும் என்னைப் பார்த்தது. மாமியும் பார்த்தார். பிறகு கையிலிருந்த ரின்னைத் தட்டிக்கொண்டே, "அவன்தானா? கெட்டிக்காரன்தான். எனக்கு அது பிடிபடவேயில்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த மிச்சக் கதை ஒன்று இருந்தது.

அதைத்தான் மாமாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இங்கே எழுதுகிறேன். அன்று குவியலிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து திறந்தபோது, மேலே மாமியின் கையெழுத்தில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. பெட்டியில் முடிகிற திகதி மட்டுமல்ல, செய்த திகதியும் அடித்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் திருத்தத்தின்படி கார்த்திகையில் செய்த பிஸ்கட் அதே வருடம் சித்திரையில் கெட்டுப்போயிருந்தது. துண்டில் இப்படி இருந்தது: "பிறக்க முதல் செத்த பிஸ்கட்டை இண்டைக்குத்தான் கண்டன். இது நல்லது, சாப்பிடு. குவியலில வீங்கின ரின்னும் கிடக்கு, இனி அதில கை வைக்காத. வேணுமெண்டா வந்து கேள்."

மற்ற மூவரும் வருவதற்கு முன் துண்டைக் கிழித்துவிட்டேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். குவியலில் இருந்த கெட்ட ரின் ஒவ்வொன்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார். மூன்று நாள் பிஸ்கட் என்றேனே, முதல் நாளோடு பெட்டி முடிந்துவிட்டது. மற்ற இரண்டு நாளும் நான் தனியே போய்க் கேட்டேன். அவர் தன் பங்கையும் சிவம் மாமாவின் பங்கையும் தந்தார். என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

ரமணன் சொன்ன அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பட்டம் போய்விடுமே என்று தள்ளிப்போட்டேன். அந்த ரின் மீனும் ஒரு சாட்டுத்தான். அதைக் காட்டுகிற சாட்டில் சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன்.

மாமி, நான் உங்களை ஒருநாளும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் என்று பேர் எடுக்க நீங்கள்தான் விட்டீர்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அந்த ரின்னை நானே அமத்தி, தட்டி, காது வைத்துக் கேட்டேன். சப்பையாகத்தான் இருந்தது. திறந்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் கறியாக்கி, அன்றே முடித்தோம். நல்ல மீன், ஒன்றும் செய்யவில்லை. போய் வாருங்கள் மாமி.

நடந்தபடி எழுதச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மீனின் முதல் துண்டைப் பூனைக்குத்தான் வைத்தேன்.